படுதாவுக்குப் பின்னால் ஒருவர் – 6: காலி நாற்காலி

சென்ற வாரம் 1944 டிசம்பர் கடைசியில் நிறுத்தியிருந்தேன். தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ கூட்டம் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தில் உருகிப் பாடிய தியாகராஜ பாகவதரையும், ஊரையே சிரிக்கவைத்த என்.எஸ். கிருஷ்ணனையும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் போலீஸ் கைது செய்துவிட்டது.

அந்த வழக்கைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போன பத்திரிகைக்காரர் குத்தப்பட்டதும், மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். நீதிமன்ற வாசலில் கூடிய கூட்டத்தை நான் மறுபடி வர்ணிக்கப் போவதில்லை. என் கவலையெல்லாம் வேறொரு வீட்டைப் பற்றியது. கிருஷ்ணனின் பெயரைத் தாங்கி ஒரு நாடகக் கம்பெனி நடந்துகொண்டிருந்தது: என்.எஸ்.கே. நாடக சபா. அங்கே நடிகர்கள் இருந்தார்கள், வாத்தியக்காரர்கள் இருந்தார்கள், சீன் கட்டுபவர்கள், சமையல்காரர்கள் இருந்தார்கள். முதலாளியைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. அடுப்பு என்ன ஆகும்?

நாடகக் கம்பெனி என்றால் என்னவென்று இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் அரிதாரம் பூசி, ராத்திரி நடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற வேலை அல்ல அது. கம்பெனிதான் வீடு. ஒரு ஊரில் முகாம் போட்டால் கொட்டகை வாடகை, கம்பெனி வீட்டு வாடகை, விளக்கு, நோட்டீஸ், வண்டிச் சத்தம் என்று முதல் நாளிலிருந்தே செலவு ஓடும். மழை பெய்து நாடகம் நின்றாலும் இரண்டு வேளை இலை போட்டாக வேண்டும். வசூல் விழுந்த ஊரில் கடனை அடைக்க முடியாமல் படுதாவையும் உடுப்புப் பெட்டியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்த கம்பெனிகள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்துக்கு அப்பன் இல்லாமல் போன நேரம் அது.

அந்தக் காலி நாற்காலியின் அருகே வந்து நின்றவர்தான் நம் கதாநாயகர், சிங்காநல்லூர் சகஸ்ரநாமம். கிருஷ்ணனுக்கு அவர் ஏன் அவ்வளவு கடமைப்பட்டிருந்தார் என்பதை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் பின்னால் வருவது எதுவும் புரியாது.

கிருஷ்ணன் பிறந்தது 1908 நவம்பர் 29, நாகர்கோவில் ஒழுகினசேரியில். சகஸ்ரநாமம் பிறந்தது 1913 நவம்பர் 29, கோவையை அடுத்த சிங்காநல்லூரில். ஒரே தேதி, ஐந்து வருட இடைவெளி. ஒருவர் பேச்சில் நாஞ்சில் நாடு, மற்றவர் பேச்சில் கொங்கு நாடு. இருவரையும் ஒரே பாயில் படுக்கவைத்தது டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனி. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்ற நான்கு சகோதரர்கள் 1925இல் தொடங்கிய அந்தச் சபைதான் தமிழ் நாடகத்துக்கு அந்தத் தலைமுறையின் பெரிய பள்ளிக்கூடம். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாடகப் பைத்தியம் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்த பையன் சகஸ்ரநாமம்.

பாலர் கம்பெனி வாழ்க்கை எளிதானதல்ல. விடிவதற்குள் எழுப்பிப் பாட்டுப் பாடம் நடக்கும். பிறகு வசனப் பாடம். தப்பினால் அடி விழும். தொண்டை உடையும் வயது வந்தால் அதுவரை ஸ்திரீபார்ட்டில் ஜொலித்த பையன் ஒரே மாதத்தில் வேண்டாதவன் ஆகிவிடுவான். அந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தாயும் தகப்பனும் பக்கத்தில் கிடையாது. கூடப் படுத்திருக்கும் அண்ணன்மார்தான். சகஸ்ரநாமத்துக்கு அப்படி வாய்த்த அண்ணன் கிருஷ்ணன். பிற்காலத்தில் பாட்டு வித்துவானாகப் பேர் வாங்கிய கே.ஆர். ராமசாமியும் அதே கம்பெனிப் பிள்ளைதான். இந்த மூன்று பேரையும் வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரக் கதை இவர்கள் மூவருக்கும் நடுவே நடப்பது.

அந்தக் கம்பெனியில்தான் கந்தசாமி முதலியார் என்ற ஆசிரியர் வந்து புராண நாடகங்களுக்கு நடுவே நாவல்களை நாடகமாக்கிப் பயிற்றுவித்தார். ராஜபார்ட்டுக்கு ஜரிகை உடுப்பும் கிரீடமும் வேண்டியதில்லை. கோட்டும் வேட்டியுமாக, நம் வீட்டு மனிதர் பேசுவதுபோல மேடையில் பேசலாம் என்பதை அந்தப் பிள்ளைகள் அவரிடம் கற்றார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ அப்படி மேடைக்கு வந்து, 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் படமாகவும் ஆயிற்று. டி.கே.எஸ். சகோதரர்கள், கிருஷ்ணன், சகஸ்ரநாமம் எல்லோரும் அந்தப் படத்தின் வழியாகத்தான் சினிமாவுக்குள் காலெடுத்து வைத்தார்கள்.

சகஸ்ரநாமத்தின் நடிப்பு கடைசி வரை அந்தக் கோட்டு-வேட்டி நாடகத்தின் பிள்ளையாகவே இருந்தது என்பது என் கணிப்பு. அவர் கத்த மாட்டார். கண்ணை உருட்ட மாட்டார். ஒலிபெருக்கி சரியாக இல்லாத காலத்தில், கடைசிப் பெஞ்சுக்குக் கேட்க வேண்டுமே என்று எல்லோரும் தொண்டையைக் கிழித்துக்கொண்டபோது, அவர் நிதானமாகச் சொல்லைப் பிரித்துப் பேசி அதே தூரத்தை எட்டினார். ‘பராசக்தி’யில் தன் தங்கையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரிக்கும் நீதிபதியை நினைத்துப் பாருங்கள். சிவாஜியின் இடியோசைக்கு நடுவே அந்த முகம் எவ்வளவு அடங்கி, எவ்வளவு கனத்து நிற்கிறது! சிறுவயதில் டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்த எனக்கு, வசனத்தில் பாதி மறந்துவிட்டது. அந்த நீதிபதி தடுமாறிச் சாய்ந்தது மறக்கவில்லை.

அந்த நீதிபதி வேஷம் 1952இல். அதற்கு ஏழு வருடம் முன்னால், நிஜமான நீதிமன்றம் ஒன்றின் தீர்ப்புக்காக அவர் காத்திருந்தார்.

1945 மே 3. ஜூரிகள் தங்கள் முடிவைச் சொன்னார்கள். கூடவே கைதான சினிமா இயக்குநர் பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடுவுக்கு விடுதலை. பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுளுக்கும் தீவாந்தரம்.

சில மாதம் சமாளித்தால் அண்ணன் வந்துவிடுவார் என்ற கணக்கு அன்றோடு தீர்ந்தது. இனி மேல்முறையீடு, வக்கீல், மறுபடி வக்கீல். அக்டோபரில் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டையும் தள்ளிவிட்டது. மிச்சமிருந்தது லண்டன் பிரிவி கவுன்சில் ஒன்றுதான். கடல் தாண்டி வழக்காடுவதற்கு எவ்வளவு பணம் வேண்டும்! ஒரு நாடகக் கொட்டகையின் டிக்கெட் வசூலில் அதைச் சேர்ப்பதென்றால்?

சேர்க்கத் துணிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கிருஷ்ணனின் மனைவி டி.ஏ. மதுரம். இன்னொருவர் சகஸ்ரநாமம்.

மதுரத்தம்மாளை நாம் சிரிப்பு நடிகை என்று சொல்லிச் சொல்லியே அவருடைய நெஞ்சுரத்தைப் பார்க்காமல் போய்விட்டோம். படத்துக்குப் படம் கிருஷ்ணனும் மதுரமுமாகப் பார்த்துப் பழகிய ஜனங்கள் அவர்கள். அந்த ஜோடியில் ஒருவர் சிறையில் கம்பி எண்ணுகிறார். மற்றவர் அதே ஜனங்கள் முன்னால் விளக்கு வெளிச்சத்தில் தனியாக வந்து நிற்க வேண்டும். பரிதாபம் காட்டிக் காசு கேட்கவில்லை; நடித்துக் காட்டிக் கேட்டார். அவருக்குத் துணையாக நிர்வாகத்தையும் நடிப்பையும் இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டவர் சகஸ்ரநாமம்.

இந்த நேரத்தில்தான் வீட்டுக்குள்ளேயே விரிசல் விழுந்தது. மூன்றாவது பிள்ளை என்று சொன்னேனே, கே.ஆர். ராமசாமி, அவர் சபையை விட்டுப் பிரிந்தார். பிரிவு யாரால், எதனால் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. பசியும் கடனும் பழியும் சூழ்ந்த ஒரு வீட்டில் அண்ணன் தம்பிகள் முகம் கொடுத்துப் பேச முடியாமல் போவது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளியே போன ராமசாமி தஞ்சையில் தனிக் கம்பெனி தொடங்கியபோது அதற்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? கிருஷ்ணன் நாடக சபா! இங்கே இருப்பதும் கிருஷ்ணன் பெயர், பிரிந்து போனதும் கிருஷ்ணன் பெயர். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு தம்பிகளும் அண்ணன் பெயரை மட்டும் விடவில்லை. அந்தத் தஞ்சைச் சபைக்காகத்தான் அண்ணாதுரை ‘ஓர் இரவு’, ‘வேலைக்காரி’ நாடகங்களை எழுதித் தந்தார் என்பது தனி வரலாறு.

ராமசாமி போனதில் சபைக்கு விழுந்த அடி சிறிதல்ல. அவர் பாடினால் ஊரே எழுந்து வரும். நாடகத்தில் பாட்டுக்காரர் போனால் வசூலும் கூடவே போய்விடும் என்பது அந்தக் காலத்துக் கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். சகஸ்ரநாமத்துக்குப் பாட்டு பலமல்ல. அவருக்கு இருந்தது பேச்சும் கதையும்தான். ஆகவே கதையின் பலத்தில் நிற்கும் நாடகம் ஒன்றை அவரே எழுதினார்.

‘பைத்தியக்காரன்’.

விதவை மறுமணம் பேசிய நாடகம் அது. மேடையில் அதைப் பேசினால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து போகக்கூடிய காலம். வழக்கில் மாட்டிய முதலாளியின் கம்பெனி இது. ஊர்ப் பெரிய மனிதர்களின் தயவு இதற்கு வேண்டும். அப்படியிருந்தும் பத்திரமான புராணக் கதை ஒன்றைத் தூசி தட்டி எடுக்காமல், சர்ச்சைக்குரிய ஒன்றை அவர் எடுத்தாரே, அங்கேதான் இவர் வெறும் காவல்காரர் அல்ல, கலைஞர் என்பது எனக்குத் தெரிகிறது. பிற்காலத்தில் சேவா ஸ்டேஜ் தொடங்கி, பி.எஸ். ராமையாவையும் தி. ஜானகிராமனையும் நாடகம் எழுதவைத்து, பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்தை மேடையேற்றிய மனிதரின் முதல் அடி இந்த இக்கட்டில்தான் விழுந்தது. அந்தக் கதைகளுக்கெல்லாம் பின்வரும் வாரங்களில் வருவேன்.

நாடகம் வென்றது. ஜனங்கள் வந்தார்கள். ஆனால் மேடை வசூல் இன்று வந்து நாளை செலவாகிவிடுகிற காசு. வழக்குக்குப் பெருந்தொகை வேண்டுமென்றால் சினிமாதான் வழி என்று முடிவாயிற்று. ‘பைத்தியக்காரன்’ படமாகத் தொடங்கியது. இயக்கியவர்கள் கிருஷ்ணன் - பஞ்சு (இந்தக் கிருஷ்ணன் வேறு). ஐந்து வருடம் கழித்து ‘பராசக்தி’யில் சகஸ்ரநாமத்தை நீதிபதி ஆக்கியவர்களும் இவர்களேதான். படத்தில் நாயகன் சகஸ்ரநாமம், உடன் மதுரம். துணை வேஷம் ஒன்றில் எம்.ஜி. ராமச்சந்திரன். ‘ராஜகுமாரி’யில் அவர் முதல்முதலாகக் கதாநாயகனாக வந்ததும் இந்தப் படம் வெளியான அதே 1947இல்தான்.

இதற்கிடையே லண்டனில் சக்கரம் மெல்லத் திரும்பியது. அங்கே வாதாடியவர் டி.என். பிரிட். பின்னாளில் கென்யாவின் ஜோமோ கென்யாட்டாவுக்காகவும் நீதிமன்றம் ஏறிய அதே பிரிட். மேல்முறையீட்டை உயர் நீதிமன்றம் மறுபடி விசாரிக்க வேண்டும் என்று பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. வழக்கு சென்னைக்குத் திரும்பியது. இம்முறை விசாரித்தவர்கள் நீதிபதிகள் ஹாப்பெல், சகாபுதீன்.

ஒரு பக்கம் ஸ்டூடியோவில் படப்பிடிப்பு. இன்னொரு பக்கம் உயர் நீதிமன்றத்தில் விசாரணை. இரண்டில் எது முதலில் முடியும் என்று யாருக்கும் தெரியாது. தீர்ப்பு பாதகமாக வந்தால், அந்தப் படச்சுருள் எத்தனை ஆயிரம் அடி ஓடினாலும் யாருக்காக ஓடும்?

1947 ஏப்ரல் மாதம் தீர்ப்பு வந்தது. பாகவதர் குற்றவாளி அல்ல. கிருஷ்ணன் குற்றவாளி அல்ல. இரண்டு வருடத்துக்கும் மேலாக மூடியிருந்த கதவு திறந்தது.

கிருஷ்ணன் வெளியே வந்தபோது ‘பைத்தியக்காரன்’ இன்னும் முடிந்திருக்கவில்லை. அவருக்காகவே எடுக்கத் தொடங்கிய படம். அவருடைய மனைவி நடிக்கிற படம். அவருடைய சபையின் படம். ஆனால் அவர் வரமாட்டார் என்ற நிலையில் கட்டிய கதை அது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை எந்தக் காட்சியிலும் அவருக்கு இடம் வைக்கவில்லை. நாயகன் வேஷத்தில் சகஸ்ரநாமம் நடித்துக்கொண்டிருக்கிறார். அதை மாற்ற வழியில்லை. கிருஷ்ணன் இல்லாமல் படத்தை வெளியிட்டால், இத்தனை நாள் அவருக்காக ஏங்கிய ஜனங்கள் கொட்டகையில் சும்மா இருப்பார்களா?

வேறு வழியில்லை. கதையைப் பிரித்து, அவருக்கென்று ஒரு வேஷம் புதிதாக உண்டாக்கியாக வேண்டும். எடுத்த காட்சிகள் கெடக்கூடாது; சிறையிலிருந்து வந்த மனிதரின் மானத்துக்கும் குறைவு வரக்கூடாது. முப்பத்து மூன்று வயது சகஸ்ரநாமம் எழுதி முடித்த கதைக்குள், அவருடைய அண்ணன் எந்த வாசல் வழியாக நுழைந்தார்?

(அடுத்த வாரம்)