சூரிஞ்சானும் கார்த்திகைக் கிழங்கும்

2011 நவம்பரில் புத்தளத்திலிருந்து சண்டிலிப்பாய்க்குப் போனேன், ஒரு கிழங்கைத் தேடி. வாப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மலத்தோடு இரத்தம் போனதை ஒரு வருசமாக மூலவியாதி என்றே அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். நாங்களும் நம்பினோம். அந்த நேரத்தில் உறவுக்காரர் ஒருவர் போட்டோகொப்பித் தாள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். “இப்னு ஸீனா புற்றுநோய்க்குச் சொன்ன சூரிஞ்சான்தான் நம்ம ஊர்க் கார்த்திகைக் கிழங்கு” என்று அதில் இருந்தது.

ஏன் சண்டிலிப்பாய்? 1990 ஒக்டோபர் 30இல் புலிகள் எங்களை யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொல்லும் வரை, வாப்பா பழைய இரும்பு வாங்க மானிப்பாய், சண்டிலிப்பாய்ப் பக்கம் சைக்கிளில் போய்வருவார். அங்கே ஒரு பரிகாரியார் வீட்டுக் கிளுவை வேலியில் மாரி தொடங்கினால் கார்த்திகைப்பூ படர்ந்து கிடக்கும். சின்ன வயதில் நானும் பார்த்திருக்கிறேன். பிறகு அந்தப் பூவில் எவ்வளவோ அரசியல் ஏறிவிட்டது. எனக்கு அன்று வேண்டியிருந்தது மண்ணுக்குக் கீழே இருப்பது மட்டும்தான்.

பரிகாரியார் மவுத்தாகிவிட்டார். மகன் இருந்தார், அவரும் வைத்தியர்தான். தாளை வாசித்துவிட்டு மடித்து என் கையிலேயே தந்தார்.

“தம்பி, உது விளையாட்டில்லை. வத்தாளங்கிழங்கெண்டு நினைச்சு அவிச்சுத் திண்டு செத்த சனம் இருக்கு. அப்பா சுத்தி செய்துதான் தொடுவார், அதுவும் வெளிப்பூச்சுக்கு. உங்கட வாப்பாவுக்கு நான் இதைத் தரமாட்டன்.”

வெறுங்கையோடு திரும்பினேன். ஆனால் அந்தத் தாள் என்னை விடவில்லை. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்று சில வருசமாகத் தேடிப் படித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

சூரிஞ்சான் உண்மையான மருந்துதான். கொல்கிக்கம் என்ற செடியின் கிழங்கு அது. முதலாம் நூற்றாண்டில் டயஸ்கோரிடீஸ் அதை நஞ்சென்று எழுதினார். ஆறாம் நூற்றாண்டில் திராலஸ் ஊர் அலெக்சாந்தர் கீல்வாதத்துக்குக் கொடுத்தார். அர்ராஸியும் இப்னு ஸீனாவும் அந்த வழியில் வந்தவர்கள். 1025 அளவில் முடிந்த அல்கானூனில் சூரிஞ்சான் இருக்கிறது. ஆனால் மூட்டுவலிக்கு, புற்றுநோய்க்கு அல்ல. நம் முன்னோர் எல்லாவற்றையும் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் வைப்பது மரியாதையா?

கார்த்திகைப்பூ வேறு செடி, ஆனால் அதே குடும்பம். கொல்கிசின் என்ற அதே நஞ்சு இரண்டிலும் உண்டு. இன்னொரு ஒற்றுமையும் கண்டேன். அந்தக் கிழங்கை அறபிகள் ‘ஹெர்மிஸின் விரல்கள்’ என்றார்கள். நம் சங்கப் புலவர்களோ காந்தள் பூவைப் பெண்ணின் விரலுக்கு ஒப்பிட்டார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மொழிகள் ஒரே குடும்பத்துச் செடிகளில் விரலைக் கண்டிருக்கின்றன.

1820இல் பாரிஸில் பெல்லத்தியேயும் கவந்துவும் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த படிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1889இல் சிசிலித் தீவில் பெர்னீச்சே என்ற மருத்துவர் நாய்களுக்குக் கொல்கிக்கம் கொடுத்து அவற்றின் இரைப்பையையும் குடலையும் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். குடலின் உட்படையில் கலங்கள் பிரியத் தொடங்கி, பாதி வழியில் நின்றது போல் குவிந்து கிடந்தன. அவர் பார்த்தது குடலை! அந்தக் கட்டுரையை நாற்பது வருசத்துக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. 1930களில் பிரசெல்ஸில் டஸ்டினின் ஆய்வுகூடம் அதே விளைவை மறுபடி கண்டது.

ஏன் நின்றன? 1967இல் சிக்காகோவில் போரிசியும் டெய்லரும் விடையைத் தொட்டார்கள். கொல்கிசின் போய் ஒட்டிக்கொள்ளும் புரதத்துக்குப் பிறகு டியூபியூலின் என்று பெயர் வந்தது. கலத்துக்குள் ஓடும் நுண்குழாய்கள் அந்தப் புரதத்தால் ஆனவை. அவைதான் தண்டவாளம். அதில் ஓடும் எஞ்சினையும் பிறகு கண்டார்கள். 1985இல் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோலில் வேல், ரீஸ், ஷீட்ஸ் மூவரும் கணவாயின் தடித்த நரம்பிலிருந்து கைனெசினைப் பிரித்தார்கள். நாங்கள் கறி வைக்கும் கணவாய்க்கு உறவுதான்! இந்த மோட்டார் புரதம் ஓர் அடிக்கு 8 நனோமீற்றர் வீதம் குழாய் மேல் நடந்து சுமை காவுகிறது. கலம் பிரியும்போது அதன் சகோதரம் ஒன்று இரு முனைகளையும் தள்ளிப் பிரிக்கிறது. கொல்கிசின் எஞ்சினைத் தொடுவதில்லை. தண்டவாளம் வளராமல் தடுக்கிறது. வடக்குக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990இல் யாழ்தேவி நின்றபின் எங்கள் தண்டவாளங்கள் பங்கர்களுக்குப் போயின. எஞ்சின் கொழும்பில் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது வாப்பாவின் நோய்க்கு வருகிறேன். குடலின் உட்படை சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டே இருப்பது. அதனால்தான் கிழங்கு தின்றவர்களுக்கு முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும். பெருங்குடல் புற்றுநோய்களில் ஐந்தில் நான்கில் ஏபிசி என்ற மரபணு பழுதாகியிருக்கும். 1991இல் அடையாளம் கண்டார்கள். அதன் புரதம் கலத்தின் வளர்ச்சிக் கட்டளைக்குக் கடிவாளம். அதோடு நுண்குழாயின் நுனியையும் பிடித்துக்கொள்கிறது. கைனெசின் குடும்பத்தின் ஓர் எஞ்சினோடு சேர்ந்து அந்த நுனிக்குப் போகிறதென்று 2002இல் ஜப்பானியர் காட்டினார்கள். அது உடைந்தால், கலம் பிரியும்போது நிறமூர்த்தங்கள் சரியாகப் பங்கிடப்படாமல் போகலாம். 2012இல் பார்சலோனாவிலிருந்து இன்னொரு செய்தி. குடற்கலத்தின் மேல்விளிம்பை ஒழுங்காக வைத்திருக்கும் மயோசின் 1ஏ என்ற மோட்டார் புரதம் கெட்டாலும் குடலில் கட்டி வளர வாய்ப்புக் கூடுகிறது.

அப்படியானால் எஞ்சினையே நிறுத்தினால்? 1999இல் மொனாஸ்ட்ரோல் என்ற பொருள் பிரிவு எஞ்சினை நிறுத்தியது. அந்த வழியில் வந்த மருந்துகள் மனிதரில் பரிசோதிக்கப்பட்டன. எதிர்பார்த்த பலன் வரவில்லை, குடல் புற்றுநோய்க்கு அவற்றில் ஒன்றும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. கொல்கிசினும் ஆகவில்லை. நோயுள்ள கலம், நல்ல கலம் என்று அது பார்ப்பதில்லை, கொல்லும் அளவுக்கும் குணமாக்கும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது. சண்டிலிப்பாய் வைத்தியருக்கு டியூபியூலினைத் தெரியாது. அந்த இடைவெளி தெரிந்திருந்தது.

வாப்பாவுக்குக் குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிறகு கீமோ. நாலு வருசம் எங்களோடு இருந்தார், அல்ஹம்துலில்லாஹ். நான் வெறுங்கையோடு வந்த அன்று இரவு கிழங்கைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“அந்த வேலி இன்னும் கிளுவைதானா, மதில் கட்டிட்டாங்களா?” என்றார்.

கிளுவைதான் வாப்பா, என்றேன்.