டீசல் டிராக்டரின் எரிபொருள் பம்பு: வரலாறும் பழுதும்

எரிபொருள் பம்பு என்பது டீசலை உரிய நேரத்தில், உரிய அளவில், உயர் அழுத்தத்துடன் சிலிண்டர்களுக்கு அனுப்பும் கருவியாகும். ருடால்ஃப் டீசல் 1897-இல் இயக்கிக் காட்டிய எஞ்சினில் அழுத்தப்பட்ட காற்றே எரிபொருளை உள்ளே செலுத்தியது. அதற்கு வேண்டிய கம்ப்ரசரின் எடையால் அம்முறை வாகனங்களுக்குப் பொருந்தவில்லை. இக்குறையைத் தீர்க்க ராபர்ட் போஷ் 1922-இல் முயற்சியைத் தொடங்கினார். 1927-இல் அவரது ஷ்டுட்கார்ட் நிறுவனம் பம்புகளைத் தொடர் உற்பத்தி செய்யத் தொடங்கியது.

இந்த வரிசைப் பம்பில் சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் உண்டு. ஆகவே ஒரு பிளஞ்சர் தேய்ந்தால், பெரும்பாலும் அதற்குரிய சிலிண்டர் மட்டுமே சரியாக எரியாது.

1950-களில் அமெரிக்கரான வெர்னான் ரூசாவின் சுழல் பம்பு பரவியது. பிரிட்டனின் சிஏவி நிறுவனம் அவ்வழியில் டிபிஏ பம்பைத் தயாரித்தது. மாசி பெர்குசன் 35 டிராக்டரின் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினில் இது இடம்பெற்றது. இதில் ஓர் இணை பிளஞ்சர்களே எல்லாச் சிலிண்டர்களுக்கும் டீசல் அனுப்புகின்றன. பம்பு சிறியதாயிற்று, ஆனால் அதன் உள்ளுறுப்புகளுக்கு டீசலே மசகு. நீரோ தூசியோ புகுந்தால் அவை தேய்ந்து, எல்லாச் சிலிண்டர்களும் பாதிக்கப்படும். சூடான எஞ்சின் மீண்டும் ஸ்டார்ட் ஆக மறுப்பது இத்தேய்மானத்தின் அறிகுறிகளுள் ஒன்று.

எனினும் வடிகட்டி அடைப்பும், குழாயில் ஏர் பிடிப்பதும் பம்புப் பழுதுபோலவே தோன்றும். அவற்றை முதலில் சோதித்த பிறகே பம்பைக் கழற்ற வேண்டும்.