திரையில் ஊர்ந்த நிழல்

கொட்டகையில் விளக்கு எரிந்தவுடன் திரைப்பேய்களிற் பல மறைந்துவிடுகின்றன. சிலவே தலைமுறை கடந்து நிற்கின்றன. 1922 இல் ஜெர்மனியில் மூர்னோ இயக்கிய ‘நாஸ்ஃபெராட்டு’ என்னும் பேசாப்படம் அவ்வாறு நின்றது. ‘டிராக்குலா’ நாவலை அனுமதியின்றித் தழுவியதால், 1925 இல் அதன் பிரதிகளை அழிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. தப்பிய பிரதிகளில் இன்றும் நம்மை நடுக்குவது இரத்தம் அன்று. மாடிப்படியேறும் கூனல் நிழலே. ஆள் தெரிவதில்லை, நகம் நீண்ட கை சுவரில் ஊர்கிறது. எஞ்சியதை நம் மனமே வரைந்துகொள்கிறது.

அந்நாட்டு ஒளிப்பதிவுக் கலை நம் பம்பாய்க்கும் வந்தது. மியூனிக் நகரத்தவரான ஜோசப் விர்ஷிங், மலாடில் இருந்த பம்பாய் டாக்கீஸில் பணியாற்றியவர். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் என்பதற்காகவே இந்தியாவில் காவலில் வைக்கப்பட்டவர். பின்னர் 1949 இல் கமால் அம்ரோஹியின் ‘மஹல்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பாழ்மாளிகை, ஆடும் ஊஞ்சல், எங்கிருந்தோ வரும் பாட்டு. உண்மைப் பேய் ஒன்றுகூட அதில் இல்லை! பாடிய லதா மங்கேஷ்கரின் பெயரும் முதலில் இசைத்தட்டில் இல்லை. ‘காமினி’ என்னும் கதைமாந்தரின் பெயரே இருந்தது. அக்குரல் யாருடையது என்று நேயர்கள் வானொலி நிலையத்தாரைக் கேட்டனர்.

தமிழில் 1951 இல் வந்த ‘மர்மயோகி’, ஆவிக் காட்சிகளுக்காக ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்ற சான்றிதழைப் பெற்றது. அந்த ஆவி வெளிப்படையாகவே வந்து நின்றது. இன்று அதற்குச் சிறுவரும் அஞ்சார். ‘மஹல்’ ஊஞ்சலோ இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.