மோவாயில் இறங்கிய பாரம்: வளரிளம் பருவத்து முதுகுத்தண்டும் முகவமைப்பும்

கூனி உட்கார்ந்தால் முகம் கோணும் என்ற பேச்சு பெற்றோரிடையே பரவலாகிவிட்டது. இதற்குச் சான்றாகக் காட்டப்படுபவற்றுள் பெரும்பாலானவை இரண்டும் சேர்ந்து காணப்படுவதைத்தான் சொல்கின்றன. ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று நிறுவவில்லை. காரணம் ஐயமறத் தெரிந்த நேர்வு ஒன்று உண்டு: மில்வாக்கி பிரேஸ்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வால்டர் பிளவுண்ட், ஆல்பர்ட் ஷ்மிட் ஆகியோர் 1940களின் நடுவில் வடிவமைத்த கருவி அது. இடுப்பைக் கவ்விய பட்டை. அதிலிருந்து முன்னால் ஒரு கம்பி, பின்னால் இரண்டு. உச்சியில் கழுத்து வளையம். வளையத்தின் முன்புறத் திண்டில் மோவாய் அமரும். பக்கவாட்டில் வளைந்த முதுகுத்தண்டை நிமிர்த்த, வளரும் பிள்ளைகள் இதை நாளுக்கு 23 மணி நேரம்வரை ஆண்டுக்கணக்கில் அணிந்தார்கள். உடல் தளர்ந்தபோதெல்லாம் பாரம் மோவாயில் இறங்கியது. கீழ்ப்பற்கள் மேற்பற்களை நெருக்கின. முன்பற்கள் வெளியே தள்ளப்பட்டன, முகத்தின் கீழ்ப்பகுதி குறுகியது. பல்சீரமைப்பு ஆய்வாளர்கள் 1960களில் கதிர்ப்படங்களில் இதை அளந்தே காட்டினார்கள். பின்னர் மோவாய்த் திண்டை நீக்கி, தாடையில் அழுத்தாத தொண்டை அச்சைப் பொருத்தியதும் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. பிள்ளைகளின் முதுகு வளைவு அப்போதும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முகத்தை மாற்றியது வளைவு அன்று, அழுத்தம்.

அடுத்து, தலைநிலையையும் முகத்தையும் இணைக்க அடிக்கடி மேற்கோளாகும் கோபன்ஹேகன் ஆய்வு. பெனி சோலோவும் டால்கிரெனும் 1976இல் 120 டேனிய மாணவர்களை ஆராய்ந்தனர். வழக்கமான படப்பிடிப்பில் காதில் குச்சி செருகித் தலையை நிலைநிறுத்துவார்கள்; தலை இயல்பாக எப்படி நிற்கிறது என்பது அங்கேயே தொலைந்துபோகும். இவர்களோ மாணவர்களைக் கண்ணாடியில் தம் கண்களையே பார்க்கச் சொல்லிப் படமெடுத்தார்கள். கழுத்தெலும்போடு ஒப்பிடத் தலை பின்சாய்ந்தவர்களிடம் முகத்தின் முன்னுயரம் கூடுதலாகவும், தாடைகள் சற்றுப் பின்வாங்கியும் இருந்தன. ஆனால் மாணவர்களின் வயது 22 முதல் 30. முகவளர்ச்சி ஏறத்தாழ முடிந்தவர்களிடம் கண்டதை வளரிளம் பருவத்தினர்மீது அப்படியே ஏற்றுவது பிழை.

மறு ஆண்டு சோலோவும் கிரைபோர்கும் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர்: தலை பின்சாய்ந்தால் முகத்தை மூடிய தோலும் தசையும் இழுபட்டு, தாடையின் முன்வளர்ச்சியைத் தடுக்கின்றன. அழகான கருதுகோள்தான். எனினும் அவர்கள் வரைந்தது ஒரு சுழற்சி. அதில் மூச்சுவழி அடைப்பும் ஒரு கண்ணி. அடைப்பால் தலை சாயலாம், சாய்வால் முகம் மாறலாம், மாறிய முகம் மூச்சுவழியை மேலும் குறுக்கலாம். தலைநிலையை மட்டும் கத்தரித்தெடுத்துக் குற்றவாளியாக நிறுத்துவது அவர்களுக்கே செய்யும் அநீதி. சுவீடனில் லிண்டர்-அரான்சன் 1970இல் வெளியிட்ட ஆய்வும் மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதையின் வீக்கத்தையும் வாய்வழி மூச்சையும் நீண்ட முகத்தோடு இணைத்தது.

ஆகவே, வாயைத் திறந்தபடி தலையை நீட்டி உட்காரும் பிள்ளையை, நிமிர்ந்து உட்காரச் சொல்லி அதட்டுமுன், ஒருமுறை காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.