தப்பு ஒருவர் மேல், தண்டம் இன்னொருவருக்கு!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாங்காடு பக்கம் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். காமாட்சி அம்மன் கோயிலுக்கு வரும் கூட்டம், குன்றத்தூர் போகும் பஸ், ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி எல்லாம் ஒரே ரோட்டில். அந்த நெரிசலில் ஒரு கார் ஒழுங்காக பிரேக் போட்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வந்த வேன் இடித்துவிடுகிறது. பம்பர், டிக்கி கதவு இரண்டும் காலி. தப்பு யார் மேல் என்பதில் சந்தேகமே இல்லை. காருக்கு ‘ஃபுல் கவர்’ இன்சூரன்சும் இருக்கிறது. ஆனாலும் ஒர்க் ஷாப்பில் வண்டியை எடுக்கும்போது கார்க்காரர் கையிலிருந்து 1,000 ரூபாய் கட்டியாக வேண்டும்.

பாலிசியில் இதற்குப் பெயர் ‘கம்பல்சரி டிடக்டிபிள்’. பழைய பெயர் ‘எக்ஸஸ்’. ஒர்க் ஷாப்பில் சிலர் ‘ஃபைல் சார்ஜ்’ என்பார்கள். பெயர் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான். இடித்தவர் வேறு ஒருவர் என்றால், இடி வாங்கியவர் ஏன் கட்ட வேண்டும்?

கப்பலில் ஆரம்பித்த கதை

சின்ன நஷ்டத்தை இன்சூரன்ஸ் ஏற்காது என்ற வழக்கம் கார் கண்டுபிடிப்பதற்கு முன்பே வந்துவிட்டது. லண்டன் லாயிட்ஸில் கடல் இன்சூரன்ஸ் எழுதியவர்கள் 1749-ல் பாலிசியின் அடியில் ஒரு குறிப்பு சேர்த்தார்கள். சர்க்கரை, புகையிலை போன்ற சரக்குகளில் 5 சதவீதத்துக்குக் குறைவான சேதத்துக்குப் பணம் கிடையாது. மற்ற பல சரக்குகளுக்கு இந்த அளவு 3 சதவீதம். கடலில் போகும் சரக்கு கொஞ்சம் நனையத்தான் செய்யும். ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது என்பதுதான் காரணம்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். புயலில் மூட்டை நனைந்தால் அது யார் தப்பு? யார் தப்பும் இல்லை. ஆக, ‘தப்பு யாருடையது’ என்ற கேள்வியே எழாத இடத்தில் பிறந்த விதி இது. பிறகு அதே யோசனை மோட்டார் காருக்கு வந்தது. ஆனால் ரோட்டில் நடக்கும் விபத்தில் பெரும்பாலும் யாரோ ஒருவர் மேல் தப்பு இருக்கும். கோளாறு ஆரம்பித்தது அங்கேதான்.

ஐந்து பவுனுக்கு ஒரு வழக்கு

பிரிட்டன் 1930-ல் தர்ட் பார்ட்டி இன்சூரன்சைக் கட்டாயமாக்கியது. அப்போது இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் நிலைபெற்றன. ஒன்று, தன் வண்டியின் சேதத்துக்குத் தன் கம்பெனியே தரும் பணம். இன்னொன்று, அடுத்தவருக்கு உண்டாக்கிய நஷ்டத்துக்குத் தரும் பணம். முதல் வகையில் தப்பு யார் மேல் என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் பணம் சீக்கிரம் வருகிறது.

சட்டப்படி, பணம் கொடுத்த கம்பெனி இடித்தவரிடம் அதை வசூலிக்கலாம். ஆனால் கம்பெனிகள் வேறு வழி கண்டுபிடித்தன. ‘உன் வண்டியை நீ பார்த்துக்கொள், என் வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், கணக்கு வழக்கு வேண்டாம்’ என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இதற்கு ‘நாக் ஃபார் நாக்’ என்று பெயர். ஆயிரக்கணக்கான விபத்துகளில் கூட்டிக் கழித்தால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும் என்பது கணக்கு. கம்பெனிக்குச் சமமாகும். ஆனால் வாழ்க்கையில் ஒரு தடவை இடி வாங்கியவருக்கு எதோடு சமமாகும்?

1936-ல் மோர்லி எதிர் மூர் என்ற வழக்கு இங்கிலாந்து அப்பீல் கோர்ட்டுக்கு வந்தது. இடி வாங்கியவரின் பாலிசியில் எக்ஸஸ் ஐந்து பவுன். மீதியை அவருடைய கம்பெனி கொடுத்துவிட்டது. இரண்டு கம்பெனிகளுக்கும் நடுவில் நாக் ஃபார் நாக் ஒப்பந்தம் இருந்தது. அவரோ முழு நஷ்டத்துக்கும் வழக்குப் போட்டார். அவர் அப்படிக் கேட்கலாம், கம்பெனிகளின் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று கோர்ட் சொன்னது. உரிமை இருக்கிறது என்பது தெளிவாகிவிட்டது.

ஆனால் 1977-ல் ஹாப்ஸ் எதிர் மார்லோ வழக்கில் அதன் இன்னொரு பக்கம் தெரிந்தது. எக்ஸஸ் 10 பவுனும் மாற்றுக் கார் வாடகையும்தான் அங்கே பாக்கி. வக்கீல் செலவும் கிடைக்க வேண்டும் என்பதற்காக முழு ரிப்பேர் தொகையையும் சேர்த்து வழக்குப் போட்டார்கள். வழக்குப் போடலாம், ஆனால் வக்கீல் செலவு கிடையாது என்று பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. உரிமை உண்டு, அதை வாங்கும் செலவு உங்களுடையது!

நம் நாட்டில்

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 1939-ல் வந்தது. அதில் தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் பற்றிய எட்டாம் அத்தியாயம் 1-7-1946 அன்றுதான் அமலுக்கு வந்தது. விபத்து வழக்குகளுக்குத் தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்ற திருத்தம் 1956-ல் வந்தது. அப்போதும் அது உயிருக்கும் உடம்புக்கும் மட்டும்தான். வண்டி போன்ற பொருள் சேதம் 1969-ம் வருடத் திருத்தத்தில்தான் சேர்ந்தது, அதுவும் 2,000 ரூபாய் வரம்போடு. 1988-ம் வருடச் சட்டம் வந்தபோது இந்த வரம்பு 6,000 ரூபாயாக இருந்தது.

1-1-1973 முதல் பொது இன்சூரன்ஸ் தேசியமயமானது. 107 கம்பெனிகள் நான்காகச் சுருங்கின. அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையிடம் நம் சென்னை. அப்போது இடித்த வண்டியும் இடி வாங்கிய வண்டியும் பெரும்பாலும் ஒரே முதலாளியின், அதாவது அரசாங்கத்தின் கம்பெனிகளில் இருந்தன. ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாற்ற யார் மெனக்கெடுவார்கள்?

2002-ல் வந்த இந்திய மோட்டார் டாரிஃப், எக்ஸஸை நாடு முழுவதும் ஒன்றாக்கியது. 1500 சிசி வரை உள்ள காருக்கு 500 ரூபாய், அதற்கு மேல் 1,000 ரூபாய். பின்னாளில் இது 1,000, 2,000 என்று ஆனது. 2007-ல் பிரீமியத்தைக் கம்பெனிகளே முடிவு செய்யலாம் என்று ஆனபோதும் இந்தப் பிடித்தம் போகவில்லை. தப்பு இல்லாதவருக்கு விலக்கு என்று ஒரு வரியும் வரவில்லை.

1,000 ரூபாய் மட்டும்தானா?

அதுதான் இல்லை. பிளாஸ்டிக் பம்பருக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழிப்பார்கள். இதைவிடப் பெரியது நோ கிளெய்ம் போனஸ். ஐந்து வருடம் கிளெய்ம் செய்யாதவருக்குச் சொந்த சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. ஒரு கிளெய்ம் செய்தால், தப்பு யார் மேல் இருந்தாலும், அது பூஜ்யமாகும். பிறகு மறுபடி 20, 25, 35, 45 என்று ஏறி 50-க்கு வர வேண்டும்.

தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியம் 10,000 ரூபாய் என்றும் அது மாறாது என்றும் வைத்துக்கொண்டால், கூடுதலாகக் கட்டுவது: முதல் வருடம் 5,000, அடுத்து 3,000, பிறகு 2,500, 1,500, 500. மொத்தம் 12,500 ரூபாய்! ரசீதில் தெரிவது 1,000. தெரியாமல் போவது அதைப் போல் பன்னிரண்டரை மடங்கு.

இதை இடித்தவரிடம் வாங்கவே முடியாதா? எக்ஸஸையும் தேய்மானத்தையும் தீர்ப்பாயத்தில் கேட்க வழி இருக்கிறது. 1994 திருத்தத்துக்குப் பிறகு, விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, குடியிருக்கும் ஊரிலும் மனு போடலாம். 1-4-2022 முதல் அமலான திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. ஆனால் 1,000 ரூபாய்க்காக எஃப்.ஐ.ஆர், வக்கீல், வாய்தா என்று பூந்தமல்லி கோர்ட்டுக்கு யார் அலைவார்கள்? ஐந்து பவுன் காலத்துக் கதையேதான்.

அதனால்தான் நம் ஊரில் விபத்து நடந்தவுடன் ரோட்டிலேயே பேரம் ஆரம்பிக்கிறது. அதைப் படிக்காதவர்கள் வழக்கம் என்று நினைப்பது தவறு. கிளெய்ம் செய்தால் என்ன போகும் என்று கணக்குத் தெரிந்தவர்கள்தான் அங்கே பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பேரத்தில் நியாயம் ஜெயிக்கும் என்று உறுதி இல்லை. குரல் பெரியவர், கூட ஆள் வைத்திருப்பவர் ஜெயிக்கலாம். தனியாக வண்டி ஓட்டி வரும் ஒரு பெண்ணோ வயதானவரோ என்ன செய்வார்?

எக்ஸஸ் என்பது அபராதம் அல்ல. தப்பு யார் மேல் என்று கேட்காமல் சீக்கிரம் பணம் தருவதற்கான விலை. அந்த விலையில் தப்பே இல்லை. ஆனால் கேட்காமல் விடுவதால் மிச்சமாகும் வழக்குச் செலவு கம்பெனிகளுக்கு, விலை மட்டும் நிற்கும் வண்டிக்காரருக்கு என்பது எந்த ஊர் கணக்கு? பின்னால் இடித்தது போன்ற சந்தேகமில்லாத விபத்துகளிலாவது இரண்டு கம்பெனிகளும் தங்களுக்குள் பேசி, எக்ஸஸையும் போனஸையும் திருப்பித் தரலாமே. 1749-ல் நனைந்த மூட்டைக்குச் சொன்ன காரணம், பிரேக் போட்டு நின்ற காருக்குப் பொருந்தாது.