டீசலா, பிளக்-இன் ஹைபிரிட்டா? திருவள்ளூர் ஆலை சொல்லும் கதை

முன்னுரை

பெரிய கார் வாங்க நினைப்பவர்கள் முன் இன்று ஒரு கேள்வி நிற்கிறது. பழகிப்போன டீசல் எஸ்.யூ.வி. வாங்குவதா, அல்லது பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் எஸ்.யூ.வி. வாங்குவதா என்பதே அது. இது வாங்குபவரின் விருப்பத்தைப் பொறுத்தது என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் திருவள்ளூர் அருகே அதிகத்தூரில் உள்ள ஒரு கார் ஆலையின் வரலாற்றைப் பார்த்தால், வாங்குபவர் ஷோரூமுக்குப் போகும் முன்பே அந்த முடிவில் பெரும்பகுதி எடுக்கப்பட்டுவிடுகிறது என்பது விளங்கும். முடிவெடுத்தவை எரிபொருள் விலையும் வரி அட்டவணையும்!

மண் அள்ளும் இயந்திரம் முதல் பஜேரோ வரை

அம்பாசிடர் காரால் புகழ்பெற்ற ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1942 ஆம் ஆண்டு பிர்லா குடும்பத்தினரால் தொடங்கப்பட்டது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராதான் அதன் தாய் ஆலை. திருவள்ளூருக்கு அந்நிறுவனம் முதலில் வந்தது கார் செய்வதற்காக அல்ல. 1971 ஆம் ஆண்டு மண் அள்ளும் கனரக இயந்திரங்களைச் செய்யவே இங்கு ஆலை அமைத்தது. அந்தப் பிரிவு பின்னர் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. ஆக, டீசல் இயந்திரம் இவ்வூருக்குப் புதிதல்ல.

செங்கல்பட்டிலிருந்து பிரிந்து திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997 ஆம் ஆண்டு. அதற்கு அடுத்த ஆண்டே, ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் அதிகத்தூர் ஆலையிலிருந்து லேன்சர் கார் வெளிவந்தது. பெட்ரோல், டீசல் இரண்டிலும் அது கிடைத்தது. 2000 களின் தொடக்கத்தில் பஜேரோ வந்தது. 2.8 லிட்டர் டீசல் என்ஜினும் நான்கு சக்கர இழுவையும் கொண்ட அந்த வண்டி, எஸ்.யூ.வி. என்றால் என்ன என்பதைத் தமிழகத்தில் பலருக்கும் அறிமுகப்படுத்தியது எனலாம். 2012 ஆம் ஆண்டு பஜேரோ ஸ்போர்ட் அறிமுகமானது. அதுவும் டீசல் வண்டிதான். 2013 முதல் சில ஆண்டுகள் இசுசு நிறுவனத்தின் எம்.யு-7, டி-மேக்ஸ் வண்டிகளும் ஒப்பந்த அடிப்படையில் இதே ஆலையில் பொருத்தப்பட்டன. அவையும் டீசலே!

டீசல் ஏன் வென்றது?

டீசல் என்ஜின் ஒரு லிட்டருக்கு அதிக தூரம் தரும். பாரம் இழுக்கும் வலுவும் அதிகம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அரசு நிர்ணயித்த விலையே. லாரி, பேருந்து, உழவர்களின் பம்ப் செட் ஆகியவற்றைக் கருதி டீசல் விலை பல்லாண்டுகளாகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. 2010 ஜூன் மாதம் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது, டீசலுக்கு நீக்கப்படவில்லை. இதனால் 2012 ஆம் ஆண்டு மே மாதம் இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு 30 ரூபாய்க்கும் மேல் வித்தியாசம் ஏற்பட்டது.

ஏழை உழவனுக்காகக் கொடுத்த சலுகையில் இருபது லட்ச ரூபாய் வண்டிக்காரரும் பங்கு பெற்றார்! கிரீத் பாரிக் குழு 2010 ஆம் ஆண்டிலேயே இதைச் சுட்டிக்காட்டி, டீசல் கார்களுக்கு 80,000 ரூபாய் கூடுதல் வரி விதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. அக்காலத்தில் விற்ற பயணியர் கார்களில் பாதிக்கும் மேல் டீசல் வண்டிகளாக இருந்ததில் வியப்பில்லை.

ஜப்பானில் பிறந்த மாற்று

அதிகத்தூரில் டீசல் வண்டிகள் தயாரான அதே காலத்தில், மிட்சுபிஷி தன் நாட்டில் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தது. 2013 ஆம் ஆண்டு ஜனவரியில் அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட் விற்பனைக்கு வந்தது. 12 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி, முன்னும் பின்னும் மின் மோட்டார்கள், கூடவே ஒரு பெட்ரோல் என்ஜின். வீட்டில் சார்ஜ் செய்தால் ஐரோப்பியச் சோதனைக் கணக்குப்படி 52 கிலோமீட்டர் பெட்ரோல் இல்லாமலே ஓடும். பேட்டரி தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும்.

இந்த வண்டியை அதிகம் வரவேற்ற நாடுகளுள் ஒன்று நெதர்லாந்து. 2013 டிசம்பரில் அந்நாட்டில் மிக அதிகமாக விற்ற கார் இதுவே. காரணம், அலுவலகக் காருக்கான வரிச்சலுகை அந்த ஆண்டுக் கடைசியோடு குறைக்கப்பட இருந்தது. அங்கும் வரிதான் முடிவு செய்தது! சலுகைக்காக வாங்கியவர்களில் பலர் வண்டியைச் சரிவரச் சார்ஜ் செய்யவே இல்லை என்பது பின்னர் தெரியவந்தது.

இந்தியாவில் அந்த அவுட்லாண்டர் விற்பனைக்கு வரவில்லை. டீசல் மலிவாகக் கிடைக்கும் நாட்டில் அதிக விலை கொடுத்து பேட்டரி வண்டி வாங்குவார் யார்?

காற்று திரும்பியது

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் முழுமையாக நீக்கப்பட்டது. 2015 செப்டம்பரில் வோக்ஸ்வேகன் நிறுவனம் டீசல் புகைச் சோதனையில் செய்த மோசடி அமெரிக்காவில் வெளிப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 2000 சி.சி. மற்றும் அதற்கு மேற்பட்ட டீசல் கார்களைத் தில்லித் தலைநகர்ப் பகுதியில் புதிதாகப் பதிவு செய்யத் தடை விதித்தது. எட்டு மாதம் கழித்து, 1 சதவீதப் பசுமை வரியுடன் அத்தடை விலக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார்களையே கைவிட்டது.

இதற்கிடையே 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. அதிகத்தூர் ஆலை அதே ஆண்டு சி.கே. பிர்லா குழுமத்தின் வேறொரு நிறுவனத்திற்கு மாற்றப்பட்டது. இசுசு 2016 ஆம் ஆண்டு சொந்த ஆலையை ஸ்ரீசிட்டியில் திறந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி வடக்கே போனால் ஆந்திர எல்லைக்கு அப்பால் வருவதுதான் ஸ்ரீசிட்டி. டீசல் எஸ்.யூ.வி. வேலை மாநில எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு வண்டியின் காலம் முடிந்தால், அதைச் செய்த ஊரும் அந்த வலியைத் தாங்க வேண்டியிருக்கிறது.

மீண்டும் அதே கேள்வி

2017 ஆம் ஆண்டு பிரான்சின் பி.எஸ்.ஏ. குழுமம், சி.கே. பிர்லா குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து அதிகத்தூர் ஆலைக்கு மறுவாழ்வு அளித்தது. 2021 ஜனவரியில் சிட்ரோயன் சி5 ஏர்கிராஸ் இங்கிருந்து வெளிவந்தது. 1997 சி.சி. டீசல் என்ஜின், 177 குதிரைத்திறன், தொடக்க விலை 29.90 லட்சம் ரூபாய்.

இதே சி5 ஏர்கிராஸ் 2020 ஆம் ஆண்டு ஐரோப்பாவில் பிளக்-இன் ஹைபிரிட்டாகவும் வந்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 13.2 யூனிட் பேட்டரி, மின்சாரத்தில் சுமார் 55 கிலோமீட்டர். ஆனால் இந்தியாவுக்கு வந்தது டீசல் மட்டுமே. மிட்சுபிஷி காலத்தில் நடந்தது மறுபடியும் நடந்தது!

வரியைப் பார்த்தால் காரணம் புரியும். 2017 செப்டம்பர் முதல் பெரிய டீசல் எஸ்.யூ.வி.க்கு ஜி.எஸ்.டி.யும் கூடுதல் தீர்வையும் சேர்த்து 50 சதவீதம். பெரிய ஹைபிரிட்டுக்கு 43 சதவீதம். முழு மின்சாரக் காருக்கோ 2019 ஆகஸ்டு முதல் 5 சதவீதம்தான். 2025 செப்டம்பரில் வரி மாற்றப்பட்டபோது பெரிய டீசல் எஸ்.யூ.வி., பெரிய ஹைபிரிட் இரண்டும் ஒரே 40 சதவீதத்தில் வந்து நின்றன. மின்சாரக் காருக்குத் தமிழக அரசு தந்த சாலை வரி விலக்கும் ஹைபிரிட்டுக்கு இல்லை.

எனவே ஆலை நடுவில் நிற்காமல் நேரே தாவியது. 2023 ஆம் ஆண்டு மின்சாரத்தில் மட்டும் ஓடும் சிட்ரோயன் இ-சி3 இங்கு தயாரானது. 2024 ஆம் ஆண்டு அதில் 500 கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகம் வழியாக இந்தோனேசியாவுக்குக் கப்பலேறின.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

சென்னையிலிருந்து திருவள்ளூரோ கும்மிடிப்பூண்டியோ சுமார் 45 கிலோமீட்டர். தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு 90 கிலோமீட்டர். டீசல் எஸ்.யூ.வி. 14 கிலோமீட்டர் மைலேஜ் தந்தால், 92 ரூபாய் விலையில் ஒரு நாளைக்குச் சுமார் 590 ரூபாய் ஆகும். பிளக்-இன் ஹைபிரிட்டில் 50 கிலோமீட்டர் மின்சாரத்திலும், மீதி 40 கிலோமீட்டர் 13 கிலோமீட்டர் மைலேஜில் பெட்ரோலிலும் ஓடினால், யூனிட் 10 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்ற கணக்கில் சுமார் 410 ரூபாய். நாளுக்கு 180 ரூபாய் மிச்சம். மாதம் 25 நாள் என்றால் ஆண்டுக்கு 54,000 ரூபாய். வண்டி விலையில் பத்து லட்சம் வித்தியாசம் இருந்தால் அதை ஈடுகட்டப் பதினெட்டு ஆண்டுகள் ஆகும்! வேலை செய்யும் இடத்திலும் சார்ஜ் செய்ய வசதி இருந்தால் மிச்சம் கூடும். சார்ஜே செய்யாவிட்டால் டீசலைவிடச் செலவு அதிகம்.

புகைக் கணக்கும் இதைப் போன்றதே. டீசல் வண்டி 100 கிலோமீட்டருக்குச் சுமார் 19 கிலோ கரியமில வாயுவை விடும். மின்சாரத்தில் ஓட 20 யூனிட் தேவை என்று கொண்டால், நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வீதம் 14 கிலோ. அந்தப் புகையும் எங்கோ போவதில்லை. வடசென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்கள் இரண்டும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் நிலக்கரி எரிக்கின்றன. ஐரோப்பாவில் உண்மையான சாலைப் பயணத்தில் பிளக்-இன் ஹைபிரிட்டுகள் விடும் கரியமில வாயு, சோதனைக்கூடக் கணக்கைவிடச் சராசரியாக 3.5 மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024 ஆம் ஆண்டு அறிவித்தது.

முடிவுரை

டீசல் நல்லதா, ஹைபிரிட் நல்லதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. தினமும் எவ்வளவு தூரம், எங்கே சார்ஜ் செய்ய முடியும் என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தவருக்கே ஹைபிரிட் பயன்படும். நீண்ட தூரம் ஓயாமல் ஓடுபவருக்கு டீசலுக்கு இன்னும் இடம் உண்டு.

ஆனால் வரலாறு சொல்லும் பாடம் வேறு. அதிகத்தூர் ஆலையோடு கைகோத்த இரண்டு வெளிநாட்டு நிறுவனங்களிடமும் பிளக்-இன் ஹைபிரிட் தொழில்நுட்பம் இருந்தது. இரண்டு முறையும் அது இங்கு வரவில்லை. விலையும் வரியும் மாறும்போது வாங்குபவர் அடுத்த வண்டிக்கு மாறிக்கொள்ளலாம். அதைச் செய்யும் தொழிலாளிக்கும் ஊருக்கும் அவ்வளவு எளிதில் மாற முடிவதில்லை. வரி அட்டவணை எழுதுபவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.