தன் நூலைத் தானே திருத்திய அறிஞர்



சென்னையிலிருந்து செங்கற்பட்டு நோக்கி மின்சார ரயிலில் செல்வோர் பல்லாவரம், தாம்பரம், மறைமலை நகர் என்னும் ஊர்களைக் கடந்து செல்வர். இம்மூன்றையும் தமிழறிஞர் ஒருவரின் நினைவு இணைக்கிறது. அவரே மறைமலையடிகள். கடைசி ஊர் அவர் பெயரைத் தாங்கியது. முதல் ஊரில் அவர் வாழ்ந்து 1950ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தமிழாசிரியராக விளங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, அவர் விலகிய பின்னர், 1937ஆம் ஆண்டில் தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது.

1876ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் பிறந்த அடிகள், 1898 முதல் 1911 வரை அக்கல்லூரியில் பணியாற்றினார். அந்நாளில் அவர் பெயர் வேதாசலம். முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் அவர் இயற்றிய ஆராய்ச்சியுரைகள் அக்காலத்தில் எழுந்தவையே. ‘ஞானசாகரம்’ என்னும் இதழையும் நடத்தினார். அவருடைய அக்கால உரைநடையில் வடசொற்கள் தாராளமாக இடம்பெற்றிருந்தன.

1916ஆம் ஆண்டில் அவர் உள்ளம் தனித்தமிழின்பால் உறுதியாகத் திரும்பியது. வேதாசலம் மறைமலை ஆனார். ஞானசாகரம் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. முன்னர் எழுதி அச்சேறிய நூல்களை என் செய்வது? அவற்றை ஒதுக்கிவிடவும் அவர் விரும்பவில்லை. இருந்தபடியே விட்டுவிடவும் மனம் ஒப்பவில்லை. மறுபதிப்பு வந்தபோது, தம் பழைய நடையைத் தாமே திருத்தி, வடசொற்களைக் களைந்து தமிழ்ச் சொற்களைப் பெய்தார். ஆயினும் திருந்திய நூல் மறுபதிப்பாகவே வெளிவந்தது. புதிய நூலென வேடம் பூணவில்லை.

டாக்டர் உ. வே. சாமிநாதையரும் இவ்வழி நின்றவரே. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அவர், அத்துடன் அமைந்துவிடவில்லை. மேலும் ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு, 1907ஆம் ஆண்டில் அதன் இரண்டாம் பதிப்பைக் கொணர்ந்தார். பழைய உழைப்பின்மேல் புதிய உழைப்பு ஏறியது.

இவ்வரலாற்றை நான் இன்று எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. “சென்ற ஆண்டு நான் எழுதிய கட்டுரையையே இவ்வாண்டுப் பாடத்திற்கும் கொடுக்கலாமா? என் எழுத்தை நானே எடுத்துக்கொள்வது திருட்டாகுமா?” என்று கல்லூரி மாணவர் சிலர் என்னை வினவுகின்றனர். வினா நேர்மையானது, விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும்.

பிறர் பொருளைக் கவர்வது போன்ற திருட்டன்று அது. ஆயினும் குற்றமற்றதும் அன்று. ஒரே நெற்குவியலை இரண்டு களங்களில் அளந்துகாட்டி இருமுறை கூலி பெறும் உழவனை நாம் மெச்சுவோமா? நெல் அவன் விளைத்ததுதான், கணக்குத்தான் பொய். மதிப்பெண் என்பது அந்தப் பாடத்திற்காக அவ்வாண்டில் செய்த உழைப்புக்கு உரியது. பழையதைப் புதியதென நம்பி ஆசிரியர் மதிப்பிடும்போது அவர் ஏமாற்றப்படுகிறார். புதிதாக எழுதி வந்த வகுப்புத் தோழரும் நியாயம் இழக்கிறார்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் வகுத்தது. முன்பு வெளியிட்ட தம் எழுத்தையே உரிய குறிப்பின்றி எடுத்துப் புதியதாகக் காட்டிக் கல்விப் பயன் பெறுவதும் ஏற்கத்தக்கதன்று என்று 2020ஆம் ஆண்டில் அறிவித்தது. அவ்வறிவிப்பு வெளியான எழுத்தைப் பற்றியது. எனினும் வகுப்புக் கட்டுரைக்கும் நியாயம் அதுவே.

அங்ஙனமாயின், பழைய கட்டுரையைத் தொடவே கூடாதா? தொடலாம். முதலில் ஆசிரியரிடம் சொல்லி இசைவு பெறுங்கள். எந்தப் பகுதி பழையது என்பதைக் கட்டுரையிலேயே குறியுங்கள். பின்னர்ப் புதிய நூல்களைப் படித்து, புதிய வினாவுக்கு ஏற்பத் திருத்தி எழுதுங்கள். ஓராண்டுக்கு முன் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லையானால், அவ்வோராண்டில் நாம் கற்றது யாது என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேற்றைய எழுத்து இன்றைய எழுத்துக்கு வித்தாகலாம். வித்தையே விளைச்சலென்று காட்டுதல் தகாது.